பருவநிலைச் சட்டம் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

சட்டப்படிப்பில் கடைசி வருடம். சர்வதேசச் சட்டம், பருவநிலைக் கொள்கை என்று ஆய்வுப் பக்கம் போய், பிறகு பேராசிரியராக ஆசை. “எந்த நாடும் மதிக்காத சட்டத்தைப் படித்து என்ன கிழிக்கப்போகிறாய்?” என்கிறார் அப்பா. என்ன பதில் சொல்வது?

ம.

அன்புள்ள ம.,

அப்பா சொல்வதில் பாதி சரி. வாக்குத் தவறிய நாட்டைப் பிடித்து உள்ளே போட போலீஸ் கிடையாது. ஆனால் மதிக்கவே போகாத ஒன்றுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவார்களா?

2015 டிசம்பர் 12, பாரிஸை ஒட்டிய லெ பூர்ஜே. புவி வெப்பமாவதைத் தடுக்க உலக நாடுகள் சேர்ந்து போடும் பாரிஸ் ஒப்பந்தத்தின் இறுதி வரைவைக் கொடுத்துவிட்டார்கள். நான்காம் பிரிவு, நான்காம் பத்தி: வளர்ந்த நாடுகள் உமிழ்வைக் குறைப்பதில் முன்னே நிற்பது பற்றியது. அதில் ‘ஷுட்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஷல்’ விழுந்திருந்தது. முன்னது ‘செய்வது முறை’. பின்னது ‘செய்தே ஆக வேண்டும்’. நம் ஊர்ப் பத்திர எழுத்தரைக் கேட்டால் இரண்டுக்கும் உள்ள தூரத்தைச் சொல்வார். அமெரிக்கக் குழு பதறிவிட்டது. ‘ஷல்’ என்றால் ஒப்பந்தம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்குப் போகும், அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுக்கு வழியே இல்லை. கூட்டம் தள்ளிப்போனது. கடைசியில் எழுத்துப்பிழைத் திருத்தங்களோடு அதையும் சேர்த்து வாசித்தார்கள், ஒப்பந்தம் நிறைவேறியது என்று சுத்தியல் விழுந்தது. எழுத்துப்பிழையாம்!

இந்தத் துறையின் வேலை பெரும்பாலும் இதுதான். பெங்களூரு தேசியச் சட்டப்பள்ளியில் படித்து, டெல்லியில் ஆய்வு செய்து, இன்று ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருக்கும் லாவண்யா ராஜாமணி, பாரிஸ் ஒப்பந்தத்தில் எது கட்டுப்படுத்தும், எது வெறும் பரிந்துரை, எது இரண்டிலும் சேராது என்று விதி விதியாகப் பிரித்துக் காட்டியவர்.

அப்பாவிடம் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் கதையையும் சொல்லுங்கள். தென்பசிபிக் பல்கலைக்கழகத்தின் 27 சட்ட மாணவர்கள், பருவநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்தையே கேட்கலாமே என்று 2019ல் கிளப்பிய யோசனை, வனுவாட்டு அரசு கையில் எடுத்ததும் 2023ல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமாகி, 2025 ஜூலை 23 அன்று ஹேக் சர்வதேச நீதிமன்றத்தின் ஒருமனதான கருத்தாக வந்தது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக்கடமை, மீறினால் இழப்பீடு வரைக்கும் போகலாம் என்கிறது அது. ஆலோசனைக் கருத்துதான், வழக்குத் தீர்ப்பு அல்ல. ஆனாலும் இனி வழக்குகளில் வக்கீல்கள் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

சம்பளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: முனைவர் பட்டத்துக்குப் பிறகும் சில வருடம் ஒப்பந்த வேலையில் ஓடும். வீட்டில் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம், பாரிஸ் ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவை மட்டும் பிரிண்ட் எடுத்து, வினைச்சொற்களுக்கெல்லாம் அடிக்கோடு போடுங்கள். ஒரு மணி நேரத்தில் கொட்டாவி வந்தால் கோர்ட்டுக்கே போய்விடலாம். அப்பாவுக்கும் சந்தோஷம்.