அம்மாவின் ரேடியோ ஏன் நின்றது?

கேள்வி: களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவன், வயது 29. கட்டாரில் வேலை செய்தபோது அப்பா காலமானார். கொள்ளி வைக்க வந்துசேர முடியவில்லை. ஊர் திரும்பி எட்டு மாதமாக இரவு மூன்று மணிவரை ஹெட்போனில் டாங்கோ என்ற அர்ஜென்டினா நடன இசைதான். அந்த நாட்டு இசையமைப்பாளர் பியாசொல்லாவின் ‘அடியோஸ் நொனினோ’வை ஒரே இரவில் முப்பது தடவை கேட்டிருக்கிறேன். அழுகை வருகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை. காலையில் நான் தூங்குவதால், அப்பாவோடு தேத்தண்ணி குடித்தபடி கேட்ட ரேடியோவை அம்மா இப்போது போடுவதில்லை. இந்த இசை என்னைக் கெடுக்கிறதா? நிறுத்திவிடவா?

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். அம்மாவைப் பற்றி அதில் இருப்பது ஒரே வரி. அந்த வரியை நான் விடப்போவதில்லை.

மரண அறிவித்தலோ பழைய பாட்டோ, அந்த ரேடியோ உங்கள் அம்மா தன் புருஷனோடு இருந்து கேட்டது. அவர் போனபின் மிஞ்சியிருந்ததும் அதுதான். அதையும் மகனின் தூக்கத்துக்காக நிறுத்திவிட்டார். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. தன் வீட்டிலேயே அவர் சத்தம் காட்டாமல் நடக்கிறார். நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டு இசையைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. அப்பாவை இழந்தவர் நீங்கள் மட்டுமா?

சரி, அந்தப் பாட்டுக்கு வருவோம். 1959இல் கச்சேரிப் பயணத்தில் இருந்த பியாசொல்லாவுக்குத் தகப்பன் இறந்த செய்தி வந்தது. நொனினோ என்பது அந்தத் தகப்பனின் செல்லப் பெயர். அர்ஜென்டினாவுக்கு வெகுதூரத்தில், நியூயோர்க்கில் இருந்து மகன் எழுதிய பிரியாவிடை அது. உங்களை அது பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் அவர் அதை அறைக்குள் வைத்துக்கொள்ளவில்லை. பண்டோனியன் என்ற துருத்தி வாத்தியத்தை இழுத்து, சபை நடுவே வருடக்கணக்காக வாசித்தார்.

அர்ஜென்டினாவின் தலைநகர் புவனோஸ் அயர்ஸ் நடன மண்டபங்களில் டாங்கோ மூன்று நான்கு பாட்டு போடுவார்கள். பிறகு சம்பந்தமில்லாத ஓர் இசைத் துண்டு வரும். ‘கோர்ட்டினா’, அதாவது திரை என்பார்கள். ஆடியவர்கள் கையை விட்டு இருக்கைக்குத் திரும்புவார்கள். எவ்வளவு சோகமான பாட்டானாலும் அந்த அளவோடு சரி, அதுவும் இன்னொருவரை அணைத்தபடி. நம் பெண்கள் ஒப்பாரி வைப்பதும் கழுத்தைக் கட்டித்தானே? ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் எடுப்பாள். நீங்களோ தனியே, திரையே விழாமல், முப்பது தடவை கேட்கிறீர்கள். அப்படிக் கிளறினால் மனம் அந்த இடத்திலேயே சுற்றும். தூக்கம் போகும். மறுநாள் இன்னும் கனக்கும்.

இசை மேல் பழி போடாதீர்கள், நிறுத்தவும் வேண்டாம். அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி அம்மாவிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை. பக்கத்தில் இருந்தவர் அவர். என்ன சாப்பிட்டார், என்ன கேட்டார், உங்களைப் பற்றி என்ன சொன்னார் என்பதெல்லாம் அவரிடம் இருக்கிறது. அதைக் கேட்கவேண்டிய காதை எட்டு மாதமாக மூடி வைத்திருக்கிறீர்கள்.

சாகத் தோன்றினால் காத்திருக்காமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். மற்றபடி இரவு பத்து மணிக்கு ஹெட்போனைக் கழற்றுங்கள். விடிய எழுந்து ரேடியோவை நீங்களே போட்டு, தேத்தண்ணியும் ஊற்றிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருங்கள். அந்தப் பாட்டையும் ஒருநாள் ஹெட்போன் இல்லாமல் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள், ஒரு மகன் தகப்பனுக்காகச் செய்தது என்று சொல்லி.