பழைய இன்ஜினைப் பிரிப்பதா, புதுசு வாங்குவதா?

கேள்வி: எங்கள் ஃபைபர் படகின் இரண்டு சிலிண்டர் அவுட்போர்டுக்கு (பின்பக்கம் வெளியே மாட்டும் இன்ஜின்) 14 வயசு. இழுவை குறைந்துவிட்டது. பிரித்து ரிப்பேர் பண்ணலாமா, புதுசே வாங்கிவிடலாமா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வயசை வைத்து முடிவெடுக்காதீர்கள், முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். இரண்டு சிலிண்டரிலும் நல்ல அளவு, அதுவும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் கோளாறு பெரும்பாலும் கார்புரேட்டரிலோ பிளக்கிலோதான், சில்லறைச் செலவோடு முடியும். ஒன்றில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ரிங், பிஸ்டன் தேய்ந்திருக்கலாம். அதை மாற்றலாம், ஆனால் பாகம் வாங்கும் முன்னே சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றி, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வழியைப் பார்த்துவிடுங்கள். அங்கே உப்பு அரித்து அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் புது பிஸ்டன் போட்டும் பிரயோசனமில்லை, மறுபடி சூடேறிச் சிக்கிக்கொள்ளும். அப்படியானால் கடன் வாங்கியாவது புதுசு போடுங்கள், கரை தெரியாத தூரத்தில் ஆட்களோடு நிற்கக்கூடாது. அப்புறம், கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, அதைத் தடுக்கும் ஆயில் சீல்களை உடனே மாற்றுங்கள், அதற்காக இன்ஜினையே தூக்கிப் போட வேண்டாம்.