ரவை தூவிய மீன்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகனின் பிடிவாதத்துக்கு இணங்கி, மார்கழி பிறந்த வாரத்தில் 40 லிட்டர் தொட்டி ஒன்றும், எட்டு டெட்ரா மீன்களும், இரண்டு ஏஞ்சல் மீன்களும் வாங்கினோம். நான்காம் நாள் வாலிலும் துடுப்பிலும் வெள்ளைப் புள்ளிகள் தென்பட்டன. கடைக்காரர் ஒரு நீல மருந்தைக் கொடுத்து, நாளொன்றுக்குப் பத்துச் சொட்டு விடச் சொன்னார். மூன்றே நாளில் புள்ளிகள் மறைந்ததால் மருந்தை நிறுத்திவிட்டோம். அதற்கடுத்த ஐந்தாம் நாள் முன்னைவிடப் பல மடங்கு புள்ளிகள் வந்து, மூன்று டெட்ராக்கள் இறந்துவிட்டன. மருந்து போலியா? மீதமுள்ளவற்றைக் காப்பாற்ற முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மருந்து போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை, புள்ளி மறைந்ததை நோய் தீர்ந்ததாக எடுத்துக்கொண்டதுதான் பிழை. இந்தப் பிழையைச் செய்யாத மீன் வளர்ப்போர் மிகக் குறைவு என்பதால் நீங்கள் வருந்த வேண்டாம்.

உடம்பின் மேல் ரவையைத் தூவினாற்போல் தெரிவது வெண்புள்ளி நோய். கடைகளில் இதை ‘இக்’ என்பார்கள். இக்தியோப்திரியஸ் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்கும் செவுள் படலத்துக்கும் அடியில் புகுந்து, அங்கேயே தின்று வளர்கிறது. நம் கண்ணுக்குப் படும் புள்ளி அது தின்று கொழுத்த நிலை. ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வரை பருக்கும். முதிர்ந்ததும் அது தானாகவே மீனை விட்டு உதிர்ந்து, அடியில் கிடக்கும் கூழாங்கல்லிலோ செடியின் இலையிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கூட்டை அமைத்து, அதற்குள் நூற்றுக்கணக்கில் பிளவுபடுகிறது. கூடு உடைந்து வெளிவரும் குஞ்சுகள் இரண்டு நாளைக்குள் ஒரு மீனைப் பற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் மடிந்துவிடும். உங்கள் தொட்டியில் மூன்றாம் நாள் மறைந்த புள்ளிகள் மருந்தினால் செத்தவையல்ல, முதிர்ந்து உதிர்ந்தவை. ஐந்தாம் நாள் வந்தவை அவற்றின் அடுத்த தலைமுறை.

பல ஆண்டுகளுக்கு முன், நோயுற்ற மாலி மீன் ஒன்றின் வாலிலிருந்து சுரண்டிய சளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கல்லூரி நுண்ணோக்கி ஒன்றின் கீழ் பார்த்திருக்கிறேன். மங்கலான சாம்பல் உருண்டை ஒன்று, உடல் முழுவதும் உள்ள மெல்லிய இழைகள் துடிக்க, நிதானமாக உருண்டுகொண்டிருந்தது. அதன் நடுவே குதிரை லாடத்தின் வடிவில் உட்கரு தெளிவாகத் தெரிந்தது. அந்த லாடத்தைக் கண்டுவிட்டால் பிறகு நோயைப் பற்றி ஐயமே இல்லை.

மருந்து, உப்பு எதுவானாலும், நீரில் நீந்தித் திரியும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். தோலுக்கடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது எட்டாது. ஆகவே, எல்லாத் தலைமுறையும் கூட்டை விட்டு வெளியே வந்து முடியும் வரை சிகிச்சை தொடர வேண்டும். நீரின் வெப்பம் 25 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். 30 பாகையில் மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். ஹீட்டர் வைத்து வெப்பத்தை ஏற்றச் சொல்வது மீனுக்குக் குளிர் போக்குவதற்காக மட்டுமன்று. ஒட்டுண்ணியை விரைந்து வெளியே வரச்செய்வதற்காகவும்தான். சித்திரை, வைகாசியில் நம் ஊர்த் தொட்டிகள் தாமாகவே 30 பாகையைத் தாண்டிவிடுவதால் இந்நோய் அப்போது அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை. மார்கழி, தை மாதங்களிலும், இரவு முழுவதும் ஏ.சி. ஓடும் அறைகளிலும்தான் இதன் ஆட்டம் அதிகம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். அது மருந்தை உறிஞ்சிவிடும். ஒரே நாளில் தூக்கிவிடாமல், இரண்டு நாளில் சிறிது சிறிதாக வெப்பத்தை 30 பாகைக்கு உயர்த்துங்கள். சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு என்பதால், ஏர் பம்பை இரவும் பகலும் ஓடவிடுங்கள். லிட்டருக்கு 2 கிராம் கணக்கில், உங்கள் தொட்டிக்கு 80 கிராம் கல் உப்பைத் தனியே கரைத்து, ஒன்றரை நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். டெட்ரா உப்பை அதிகம் விரும்பாத மீன் என்பதால் இதற்கு மேல் போக வேண்டாம். தொட்டியில் செடி இருந்தால் அது வாடும். அயோடின் கலந்த உப்பு மீனைக் கொன்றுவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஒரு கிலோ உப்பில் இருக்கும் அயோடின் சில பத்து மில்லிகிராம் மட்டுமே. நாம் போடும் அளவில் அதனால் தீங்கில்லை. நாள்தோறும் சைஃபன் குழாயால் கூழாங்கற்களுக்கிடையே உறிஞ்சி, ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். கூடுகளில் பெரும்பகுதி அந்த அழுக்கோடு வெளியேறிவிடும். புதிதாக ஊற்றும் நீருக்கு மட்டும் அதற்குரிய உப்பைச் சேருங்கள். கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து இன்னும் ஏழு நாள் இதை விடாமல் செய்ய வேண்டும். உப்புக்குக் கட்டுப்படாவிட்டால், மாலகைட் கிரீன் கலந்த மருந்தைப் புட்டியில் அச்சிட்ட அளவின்படி பயன்படுத்தலாம். அது நச்சுப்பொருள், கையுறை இல்லாமல் தொடக் கூடாது, பையன் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவும் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏஞ்சல் மீன் வளர்ந்ததும் சிறிய டெட்ராக்களை விழுங்கிவிடும்; 40 லிட்டரில் இரண்டு ஏஞ்சல்களுக்கே இடம் போதாது. நோய் தீர்ந்தபின் இதைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: ஆறு கோல்ட் ஃபிஷ் வாங்கி 30 லிட்டர் தொட்டியில் விட்டேன். மறுவாரத்திலிருந்து அவை நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, செவுள் சிவந்திருக்கிறது, உடம்பில் புள்ளியோ புண்ணோ இல்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை தொட்டி முழுவதையும் காலிசெய்து, ஃபில்டரின் ஸ்பாஞ்சையும் குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவிவிடுகிறேன். இவ்வளவு சுத்தமாக வைத்தும் என்ன நோய் வந்தது?
– வாசகர், மதுரை

பதில்: நோய் எதுவும் வரவில்லை என்றே நினைக்கிறேன், மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறுகின்றன. இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் உங்கள் கதைதான். புது மீன் தளர்ந்தால் முதலில் மருந்துப் புட்டியைத் தேடுகிறோம். தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது நமக்குத் தோன்றுவதேயில்லை.

மீன் செவுள் வழியே வெளிவிடும் அம்மோனியாவைச் சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், வேறு சில அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் நஞ்சு, கடைசியில் வருவது பெரிய கேடில்லை. இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டரின் ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்களோ அவை குடியேறும் முன்பே மூன்று நாளைக்கு ஒருமுறை குளோரின் நீரில் பிழிந்து அழித்துவிடுகிறீர்கள். போர் தண்ணீர் பயன்படுத்துவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே அளவு அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பங்கு, காரகாடித்தன்மை (pH) 7 ஆக இருக்கும் நீரைவிட 8 ஆக இருக்கும் நீரில் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம். நம் போர் தண்ணீர் பெரும்பாலும் 8-ஐ ஒட்டியே இருக்கிறது.

இன்றே பாதி நீரை மாற்றுங்கள். மாற்றும் நீரை ஒரு நாள் முழுவதும் திறந்த வாளியில் ஏர் பம்ப் ஓடவிட்டு வையுங்கள். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டுகளைப் பயன்படுத்துங்கள். இரண்டு நாள் இரையே போட வேண்டாம்; மீன் பட்டினியால் சாகாது. ஸ்பாஞ்சை இனிமேல் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே லேசாக அலசுங்கள். லிட்டருக்கு 1 கிராம் உப்பு இங்கேயும் உதவும்: உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் நுழைவதைத் தடுக்கிறது. ஆறு கோல்ட் ஃபிஷ்களுக்கு 30 லிட்டர் எந்நாளும் போதாது; நான்கையாவது பெரிய தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: புது மீனைத் தனியே வைத்துப் பார்த்த பின்பே பழைய தொட்டியில் விட வேண்டும் என்கிறார்கள். இரண்டாவது தொட்டி வாங்க எனக்கு வசதியில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கண்ணாடித் தொட்டியே வேண்டியதில்லை. மளிகைக் கடையில் விற்கும் 25 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, ஒரு சிறிய ஏர் பம்ப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் போதும். அந்த ஸ்பாஞ்சை இப்போதே உங்கள் பழைய தொட்டியின் ஒரு மூலையில் ஓடவிட்டு வைத்தால், மீன் வாங்கும் நாளில் பாக்டீரியாக்களோடு ஆயத்தமாக இருக்கும். அடியில் கல் போட வேண்டாம். மீன் ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். மூன்று வாரம் குறைந்த அளவு. நான்கு வாரம் நல்லது. வலை, குழாய், வாளி எல்லாம் தனியாக இருக்கட்டும். ஈர வலை ஒன்று போதும், நோய் தாண்டிவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சென்னை கொளத்தூருக்குப் போய் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் துள்ளிக்கொண்டிருந்த நான்கு கப்பி மீன்களின் அழகில் மயங்கி, அன்று மாலையே இரண்டாண்டு வளர்த்த தொட்டியில் விட்டேன். பத்தாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, பழைய மீன்களின் முதுகில் மஞ்சள் தூள் பூசினாற்போல் ஒரு பொன்னிறப் படலம் மின்னியது. வெல்வெட் நோய் என்று புரிந்துகொள்வதற்குள் பாதித் தொட்டி காலியாகிவிட்டது. கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவரிடம் அந்த மீன்கள் வந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலையன்று. மீன் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதே. ஒரு வாரம் கடந்த மீனை, அது இரை எடுப்பதைக் கண்ணால் பார்த்தபின் வாங்குங்கள். அதே தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தால், மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கால் மணி நேரம் நீரில் மிதக்கவிட்டு, பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள்; பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. நெடுந்தூரம் வந்த பையைத் திறந்துவைத்து, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக நீர் சேர்க்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. மூடிய பையில் சேர்ந்திருக்கும் கரியமில வாயு நீரை அமிலமாக வைத்து, அம்மோனியாவின் கடுமையை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் அவ்வாயு வெளியேற, அம்மோனியா சட்டென்று நஞ்சாகிவிடும். எனவே திறந்தபின் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: புதிதாக வாங்கிய மாலியின் வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கிறது. மருந்துக்கடையில் டெட்ராசைக்ளின் காப்ஸ்யூல் வாங்கிக் கரைத்துவிடும்படி நண்பர் சொல்கிறார். ஹீட்டரையும் கூட்டட்டுமா?
– வாசகர், சென்னை

பதில்: இரண்டும் வேண்டாம். பஞ்சுபோல் தெரிந்தாலும் இது பெரும்பாலும் பூஞ்சையன்று. காலம்நாரிஸ் என்னும் பாக்டீரியா நோய். வெண்புள்ளிக்கு உதவும் வெப்பம் இதற்கு எரியும் தீயில் எண்ணெய். 25 பாகையை ஒட்டி வைத்திருங்கள். கடின நீரிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் டெட்ராசைக்ளினைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்துவிடுவதால், சென்னைப் போர் தண்ணீரில் அந்தக் காப்ஸ்யூல் நீரை மஞ்சளாக்குவதோடு நின்றுவிடும். ஃபில்டர் பாக்டீரியாவையும் கெடுக்கக்கூடும். அரைகுறை அளவில் ஆன்டிபயாட்டிக் போட்டு, எதற்கும் அடங்காத கிருமியை வளர்ப்பது வேறு. மீனைத் தனி வாளிக்கு மாற்றி, நாள்தோறும் பாதி நீரை மாற்றி, லிட்டருக்கு 2 கிராம் உப்பிடுங்கள். மாலி உப்பை நன்றாகவே தாங்கும். இரண்டு நாளில் குறையாவிட்டால், மீன் நோய் அறிந்த கால்நடை மருத்துவரிடமோ மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர்களிடமோ கேளுங்கள்.

கேள்வி: மீன் நோய் நமக்குத் தொற்றுமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: வெண்புள்ளி தொற்றாது. ஆனால் மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் காசநோய்க் குடும்பத்துக் கிருமி, கையில் உள்ள கீறல் வழியே புகுந்து, மாதக்கணக்கில் ஆறாத புடைப்பை உண்டாக்கும். ஆகவே புண்ணுள்ள கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். சைஃபன் குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள். அப்படி ஒரு புடைப்பு வந்தால், வீட்டில் மீன் வளர்ப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாமலே போகலாம்.

கேள்வி: பிழைக்காது என்று தெரிந்த மீனைக் கொல்ல மனம் வரவில்லை. கோயில் குளத்தில் விட்டுவிடலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கூடாது. உங்கள் தொட்டியின் ஒட்டுண்ணி குளத்துக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் போகும். நோயற்ற மீனைக்கூட விடக் கூடாது; தொட்டிப் பாசியைத் தின்பதற்காக வாங்கி, யாரோ இரக்கப்பட்டு விட்ட சக்கர் மீன்கள் இன்று தமிழக நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கின்றன. செதில்கள் அன்னாசித் தோல்போல் சிலிர்த்து, வயிறு வீங்கி, நீந்த முடியாமல் சாய்ந்து கிடக்கும் மீன் மீள்வது அரிது. அதன் துன்பத்தை முடிக்க விரும்பினால், லிட்டருக்குப் பத்துச் சொட்டு கிராம்பு எண்ணெயைச் சிறிது வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கும் கிண்ணத்தில் மெல்ல ஊற்றுங்கள். அது முதலில் மயங்கும். பிறகு செவுள் அசைவு நிற்கும். நின்றபின்னும் 10 நிமிடம் அப்படியே விட்டுவைத்து, பிறகு பூந்தொட்டி மண்ணில் புதையுங்கள்.