தரம் 10க்குத் தொகுதிப் பாடம் எப்படித் தெரிவு செய்வது?

மகள் முல்லைத்தீவில் தரம் 9 படிக்கிறாள், அடுத்த வருசத்துக்கு எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள் அக்கா. சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மிச்சப் பாடங்களை மூன்று தொகுதியாக, அதாவது மூன்று குழுவாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பாடம் எடுக்க வேண்டும்.

முதலில் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார் என்று கேளுங்கள். வன்னியில் இதுதான் பெரிய கேள்வி, ஏனென்றால் மூன்றாம் தொகுதியில் ஐ.சி.ரி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) நல்லதுதான், ஆனால் கணினி அறை பூட்டியே கிடந்தால் பிள்ளை புத்தகத்தைப் பார்த்துத்தான் மவுஸ் பிடிக்கப் பழக வேண்டும். வீட்டில் வயல் இருந்தால் அதே தொகுதியில் விவசாயம் எடுக்கலாம், கண்ணால் பார்த்து வளர்ந்ததைத்தானே படிக்கப் போகிறாள்! சிலர் அதைக் குறைவாக நினைப்பார்கள், எனக்கு அது விளங்குவதில்லை.

உயர்தரத்தில் (தரம் 12, 13) வர்த்தகம் படிக்க ஆசையென்றால் முதல் தொகுதியில் வணிகமும் கணக்கீடும் என்ற பாடம் நல்ல அடித்தளம். இரண்டாம் தொகுதியான அழகியலில் தரம் 6இலிருந்து படித்த சங்கீதமோ சித்திரமோ நடனமோ, அதையே தொடரட்டும், இப்போது மாற்றினால் நாலு வருசப் பழக்கம் வீண். அப்புறம், தோழி எடுக்கிறாள் என்று எடுக்கப் பார்ப்பாள், கவனம்.