தோற்கும் அணியைத் தூக்கி நிறுத்துவது எப்படி? அல்சூர் மாடியில் வந்த கேள்விகள்

அமெரிக்காவில் ஞாயிறு இரவு நடக்கும் என்.எஃப்.எல். (அமெரிக்க ஃபுட்பால் லீக்) ஆட்டம் நமக்குத் திங்கள் காலை 5.50க்கு வரும்; நவம்பரில் அங்கே கடிகாரத்தை மாற்றியதும் 6.50. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் கூடி ஆட்டம் பார்த்து, காபி குடித்து, அப்படியே ஆபீசுக்குக் கிளம்புவது வழக்கமாகிவிட்டது. போன வாரம் பேச்சு முழுக்க ஒரே விஷயம்: அடிமேல் அடி வாங்கும் அணிக்குப் புதிதாக வரும் ஜெனரல் மேனேஜர் என்ன செய்ய வேண்டும்? பயிற்சியாளர் வேறு, இவர் வேறு. யாரை எடுப்பது, யாரை விடுவது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று முடிவெடுப்பவர் இவர்தான். நேரம் போதாததால் கேள்விகளை எழுதி வாங்கிக்கொண்டேன்.

அண்ணா, மூன்றே ஆட்டம் ஜெயித்த அணியைக் கையில் கொடுக்கிறார்கள். முதல் வேலை என்ன? (மாரத்தஹள்ளியிலிருந்து ஒரு தம்பி)

முதல் நாளே யாரையும் வாங்கவும் கூடாது, விரட்டவும் கூடாது. 53 பேர் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயதையும் ஒப்பந்தம் முடியும் வருடத்தையும் எழுத வேண்டும். அணி தேற மூன்று வருடம் ஆகும் என்று வை. அன்றைக்கு யாரெல்லாம் நல்ல ஆட்டத்தில் இருப்பார்கள்? 22 வயதுப் பையன் இருப்பான். பந்தோடு ஓடும் 30 வயது ரன்னிங் பேக் இன்றைக்கு எவ்வளவு நன்றாக ஓடினாலும் அன்றைக்கு இருக்க மாட்டார். இந்தப் பட்டியலைப் பார்த்தாலே பாதி முடிவு தானாகத் தெரிந்துவிடும். ரசிகர்களைச் சமாதானப்படுத்தப் பெரிய பெயர்களை வாங்கிப்போடும் மேனேஜர்கள் இந்த முதல் படியிலேயே சறுக்குகிறார்கள்.

முதலாளிகள் கோடீஸ்வரர்கள். பணத்தை இறைத்து நல்ல ஆட்களை வாங்கிவிட முடியாதா? (ஒயிட்ஃபீல்டு, ஒரு சகோதரி)

முடியாதுங்க. ஐ.பி.எல். ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே தொகைதான் இருக்கும் இல்லையா, இங்கேயும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2024-ல் ஓர் அணிக்கு 25.54 கோடி டாலர், 2025-ல் 27.92 கோடி.

ஐ.பி.எல்.லில் இல்லாத சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது வீரருக்கு மொத்தமாக ஒரு போனஸ் கொடுப்பார்கள். அந்தப் பணம் உடனே அவர் கைக்குப் போய்விடும். உச்சவரம்புக் கணக்கில் மட்டும் ஐந்து வருடம் வரை பிரித்து எழுதலாம். நடுவில் அவரை அனுப்பிவிட்டால் எழுதாமல் விட்ட மிச்சமெல்லாம் அணியின் தலையில்தான் விழும். வண்டியை விற்ற பிறகும் இ.எம்.ஐ. கட்டுகிற மாதிரி. டென்வர் அணி 2024 மார்ச்சில் ரஸ்ஸல் வில்சனை விடுவித்தபோது இப்படி நின்ற பாக்கியும் உறுதி கொடுத்திருந்த சம்பளமும் சேர்ந்து சுமார் 8.5 கோடி டாலர், இரண்டு வருடக் கணக்கில். அணியில் இல்லாத ஒருவருக்காக முதல் வருட வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று! ஆனாலும் அதே வருடம் போ நிக்ஸ் என்ற புதுப் பையனை வைத்து 10 ஆட்டம் ஜெயித்து பிளேஆஃபுக்குப் போனார்கள். அதனால் பழைய கடனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஜெயிக்க வாய்ப்பில்லாத வருடத்திலேயே அதைக் கட்டி முடித்துவிட வேண்டும்.

தம்பி, இருக்கிற ஒரே நல்ல ஆட்டக்காரரையும் விற்றுவிடுகிறார்களே, அது என்ன நியாயம்? (கே.ஆர். புரம், ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்)

சார், நீங்கள் ஏலச் சீட்டு கட்டியிருப்பீர்கள். அவசரத் தேவை உள்ளவர் முதல் மாதமே தள்ளி எடுப்பார். அவர் கைக்குக் குறைவாகத்தான் வரும். அவர் விட்டுக்கொடுத்தது பொறுத்திருப்பவர்களுக்குப் பிரியும். இங்கே சீட்டுப் பணத்துக்குப் பதில் ட்ராஃப்ட் தேர்வுகள். வருடத்துக்கு ஒரு முறை, ஏழு சுற்று, கல்லூரியிலிருந்து வரும் பையன்களை அணிகள் வரிசையாக எடுக்கும். கடைசியாக முடித்த அணிக்கு முதல் வாய்ப்பு. இன்றைக்கே கோப்பை வேண்டும் என்கிற அணி நாளைய தேர்வுகளை அள்ளிக் கொடுக்கும். தோற்கிற அணி அதை வாங்கிச் சேர்க்க வேண்டும்.

டெட்ராய்ட் லயன்ஸ் கதையைச் சொல்கிறேன். 2021 ஜனவரியில் பிராட் ஹோம்ஸ் மேனேஜராக வந்தார். பல வருடம் அணியைத் தாங்கிய குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) மேத்யூ ஸ்டாஃபோர்டு வேறு இடம் போக விரும்பினார். அவரை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்துவிட்டு அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபையும், இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும், ஒரு மூன்றாம் சுற்றையும் வாங்கினார். ராம்ஸ் அந்த சீசனிலேயே சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை ஜெயித்தது. டெட்ராய்ட் ஜெயித்தது மூன்றே ஆட்டம். ஊரே கைகொட்டிச் சிரித்திருக்கும்.

ஆனால் அந்தத் தேர்வுகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று பாருங்கள். 2023-க்கானது ஆறாவது இடமாக வந்தது. அதையும் ஒரு மூன்றாம் சுற்றையும் அரிசோனாவுக்குக் கொடுத்து 12-வது, 34-வது, 168-வது தேர்வுகளை வாங்கினார்கள். 12-ல் ஜாமிர் கிப்ஸ், 34-ல் சாம் லபோர்ட்டா. ஒன்று கைமாறி இரண்டு நட்சத்திரமானது! 2024 ஜனவரி 14 அன்று சொந்த ஊர் பிளேஆஃப் ஆட்டத்தில் எதிரே வந்து நின்றவர் அதே ஸ்டாஃபோர்டு. காஃப் 24–23 என்று ஜெயித்துக் கொடுத்தார். 1992 ஜனவரிக்குப் பிறகு அந்த அணிக்கு முதல் பிளேஆஃப் வெற்றி. அன்று காலை எங்கள் மாடியில் யாரும் உட்காரவே இல்லை.

ஆனால் ஹூஸ்டனும் வாஷிங்டனும் ஒரே வருடத்தில் எழுந்துவிட்டனவே? எதற்கு மூன்று வருடம்? (எலக்ட்ரானிக் சிட்டி)

நல்ல கேள்வி. 2023-ல் சி.ஜே. ஸ்ட்ரவுட் வந்ததும் ஹூஸ்டன் 3 வெற்றியிலிருந்து 10-க்குப் போனது. 2024-ல் ஜேடன் டேனியல்ஸ் வந்ததும் வாஷிங்டன் 4-லிருந்து 12-க்கு. இருவருமே இரண்டாவது தேர்வில் கிடைத்த குவார்ட்டர்பேக்குகள். புதுப் பையனுக்கு நான்கு வருடம் நிர்ணயித்த சம்பளம்தான் என்பதால், மீதிப் பணத்தில் மற்ற இடங்களை நிரப்ப முடிகிறது. அனுபவசாலியான டாக் பிரெஸ்காட்டின் ஒப்பந்தம் வருடத்துக்கு 6 கோடி டாலர். வித்தியாசம் புரிகிறது அல்லவா?

ஆனால் அந்தப் பையனுக்காக வீட்டையே அடகு வைக்கக் கூடாது. 2023-ல் முதல் தேர்வுக்காக கரோலினா நான்கு தேர்வுகளையும் டி.ஜே. மூர் என்ற நல்ல ரிசீவரையும் (வீசிய பந்தைப் பிடிப்பவர்) சிகாகோவுக்குக் கொடுத்து பிரைஸ் யங்கை எடுத்தது. பந்து வீச ஆள் வந்தார், பிடிக்க ஆள் போய்விட்டார். அந்த சீசனில் ஜெயித்தது இரண்டே ஆட்டம். அதனால் ஏற்கெனவே கொடுத்திருந்த அடுத்த வருடத் தேர்வே முதலிடமாகி, சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது.

அப்படியென்றால் எந்த இடத்திலிருந்து கட்ட ஆரம்பிப்பீர்கள்? (அல்சூர்)

முன்வரிசை. குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று மறிக்கும் அந்த ஐந்து பேர்.

சனிக்கிழமைகளில் பையன்களுக்கு ஃபிளாக் ஃபுட்பால் (மோதி வீழ்த்தாமல், இடுப்பு ரிப்பனை உருவி ஆடும் வகை) சொல்லித் தருகிறேன். எல்லோருக்கும் பந்து வீசத்தான் ஆசை. குனிந்து கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் அனுப்ப ஒருவனும் வரமாட்டான். பந்து ஒருமுறை முழங்காலில் படும், ஒருமுறை தலைக்கு மேலே போகும். தோற்றுக்கொண்டே இருந்தோம். ஒரு பையனை மட்டும் தனியாக நிறுத்தி மூன்று வாரம், தினம் ஐம்பது முறை, அதை மட்டும் செய்ய வைத்தேன். பந்து நெஞ்சுக்கு நேராக வர ஆரம்பித்ததும் வீசுகிறவனின் முகமே மாறிவிட்டது. கண் பந்திலிருந்து விலகி மைதானத்தைப் பார்த்தது.

ஹோம்ஸின் முதல் ட்ராஃப்ட் தேர்வும் பெனே சூவல் என்ற டேக்கிள்தான், அதாவது முன்வரிசையின் ஓரத்தில் நின்று மறிப்பவர். டிக்கெட் விற்கிற பெயர் இல்லை. ஆனால் 2021-ல் காஃபை எல்லோரும் முடிந்துபோன ஆளாகப் பார்த்தபோது, அவர் நிமிர்ந்து நின்று வீச நேரம் கொடுத்தது அந்த வரிசைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

வேண்டுமென்றே தோற்று முதல் தேர்வு வாங்கலாமா? (இந்திரா நகர்)

கூடாது. கிளீவ்லாண்ட் 2016, 2017 இரண்டு சீசனிலும் சேர்த்து ஜெயித்தது ஒரே ஓர் ஆட்டம். தேர்வுகளைக் குவித்தார்கள், குவித்த மேனேஜர் அறுவடைக்கு முன்பே வேலை இழந்தார். தோல்வி பழகிப்போன அறையில் நல்ல பையன்களும் கெட்டுப்போவார்கள்.

முதலாளி எவ்வளவு நாள் பொறுப்பார்? (மாரத்தஹள்ளித் தம்பியே மறுபடியும்)

இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். 2022-ல் டெட்ராய்ட் முதல் ஆறில் ஐந்து தோற்றது. அப்போது உரிமையாளர் ஷீலா ஃபோர்டு ஹாம்ப் செய்தியாளர்கள் முன்னால் வந்து மேனேஜருக்கும் பயிற்சியாளருக்கும் ஆதரவாகப் பேசினார். அடுத்த ஆட்டத்தையும் தோற்றார்கள், ஆனால் மீதிப் பத்தில் எட்டு ஜெயித்தார்கள். வேலைக்குச் சேரும் முன்பே முதலாளியிடம் வயதும் ஒப்பந்தமும் எழுதிய அந்தப் பட்டியலைக் காட்டி, முதல் வருடம் அடிவாங்குவோம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

என் மகளுக்கு இதைப் புரியவைக்க ஒரே ஓர் ஆட்டம் சொல்லுங்கள் அண்ணா. (ஃபிரேசர் டவுன்)

2021 டிசம்பர் 5, டெட்ராய்ட் – மினசோட்டா. அந்த சீசனில் அதுவரை ஒரு வெற்றிகூட இல்லை. இரண்டு புள்ளி ஜெயிப்பு, கடைசிப் பந்தில். காஃப் வீசியதை எண்ட் ஸோனில் (புள்ளி கிடைக்கும் மைதானத்தின் கடைசிப் பகுதி) பிடித்தவன் ஆமன்-ரா செயின்ட் பிரவுன், அந்த வருடம்தான் நான்காம் சுற்றில் 112-வது ஆளாக எடுக்கப்பட்ட பையன். அவன் பிடித்ததும் மைதானத்துக்குள் ஓடிவருகிறவர்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.