பிரான்சை ஒட்டிய குட்டி நாடான மொனாக்கோவின் மாண்டி கார்லோவை உருவாக்கியது ஒரு சூதாட்ட முதலாளி என்கிறார்களே, உண்மையா?

பெருமளவுக்கு உண்மைதான். அவர் பெயர் பிரான்சுவா பிளாங்க். ஆள் லேசுப்பட்டவர் அல்ல. 1830களில் அண்ணனும் தம்பியுமாகத் தந்தி ஊழியருக்கு லஞ்சம் கொடுத்து, அரசுச் செய்திகளில் வேண்டுமென்றே 'பிழைகள்' சேர்க்க வைத்தார்கள். பாரிஸ் பங்குச்சந்தை ஏறியதா இறங்கியதா என்பது அந்தப் பிழையிலிருந்தே பிரான்சின் போர்தோ நகரில் இருந்த இவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். வழக்கு வந்தும் பெரிய தண்டனை இல்லை.

அப்புறம் ஜெர்மனியின் பாத் ஹோம்பர்க் போய், ரூலெட் என்ற சுழல்சக்கரச் சூதாட்டத்தில், கூடத்துக்கு லாபம் தரும் பூஜ்யக் கட்டம் இரண்டுக்குப் பதில் ஒன்றே வைத்தார். ஆடுபவருக்கு நஷ்டம் குறைவு என்றதும் கூட்டம் குவிந்தது.

மொனாக்கோ அப்போது பரம ஏழை. 1861ல் அதன் ஊர்களான மாந்தோனும் ரோக்புரூனும் பிரான்சுக்குப் போய்விட்டன. 1856லேயே தொடங்கிய சூதாட்டக் கூடமோ, வந்துசேர ஒழுங்கான பாதைகூட இல்லாமல் ஈயோட்டியது. 1863ல் பிளாங்க் உரிமத்தை வாங்கினார். சூதாட்ட மேசையை மட்டும் நம்பாமல் ஹோட்டல், தோட்டம், சாலை என்று பணத்தை இறைத்தார். என்னைக் கேட்டால், அவருடைய சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. 1866ல் இளவரசர் மூன்றாம் சார்லஸின் பெயரால் ஊர் மாண்டி கார்லோ ஆனது. 1868ல் ரயில் வந்தது. மறு வருடமே குடிமக்களுக்கு நேரடி வரி ரத்து. 1872 முடிவில் ஜெர்மனி சூதாட்டக் கூடங்களை மூடியதும், போட்டிக்கும் ஆள் இல்லை.