அம்மாச்சி சமையலைப் புத்தகமாக்குவது – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

எங்களுக்குச் சொந்த ஊர் மதுரை மாவட்டத்தில் பேரையூர்ப் பக்கம். நான் இப்போது ஓசூரில் இருக்கிறேன். வரும் தையில் அக்கா மகளுக்குக் கல்யாணம்; முடிந்ததும் புனே போகிறாள். சீரோடு சேர்த்து எங்கள் வீட்டுச் சமையலை ஒரு புத்தகமாகப் போட்டுக் கொடுக்க ஆசை. அம்மாச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது, இன்னும் அடுப்படியை விடவில்லை. அளவு கேட்டால் ‘எல்லாம் கைப்பதம்தான் தாயி’ என்கிறார். ஒரே குழம்புக்கு அம்மா ஒன்று சொல்கிறார், சித்தி வேறொன்று சொல்கிறார். பழைய நோட்டு ஒன்று கிடைத்தது, அதில் ‘மல்லி அரை வீசை’ என்று இருக்கிறது. மாமாவோ, ‘களி, கருவாடு, உப்புக்கண்டம் எல்லாம் போடாதே, மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள், பிரியாணி, கோலா உருண்டை என்று போடு’ என்கிறார். வாட்ஸப்பில் மட்டும் அறுபது குறிப்பு சேர்ந்துவிட்டது. எங்கே தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாமா விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பிரியாணிக்கும் கோலா உருண்டைக்கும் செய்முறை வேண்டுமென்றால் கல்யாணப் பெண் யூடியூபைத் திறந்தால் போதும். உங்கள் வீட்டை விட்டால் வேறெங்கும் கிடைக்காது என்பதைத்தான் நீங்கள் எழுத வேண்டும். பெரியாறு அணை 1895-இல் திறந்தபின் வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் நெல் விளைந்தது. பேரையூர்ப் பக்கத்துக்கு அந்தத் தண்ணீர் எட்டவில்லை. மானாவாரிக் காடு, கம்பு, சோளம், குதிரைவாலி. நெல்லுச்சோறு நல்ல நாள் பெரிய நாளுக்குத்தான். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மிஞ்சிய கறியை உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயப் போட்டார்கள். இதையெல்லாம் தள்ளிவிட்டுப் போடுகிற புத்தகம் யாரோ ஒரு வீட்டுப் புத்தகம். ஐ.நா. சபையே 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடிவிட்டது என்று மாமாவிடம் சொல்லிப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் அவர் நினைக்கிற அளவுக்கு மோசமாக இருக்க மாட்டார்கள்.

அடுத்தது அளவு. அம்மாச்சியிடம் ‘எத்தனை ஸ்பூன்’ என்று கேட்காதீர்கள். நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரிந்தால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுவார். சமையலறைத் தராசு ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போங்கள். அடுப்புப் பற்றவைக்கும் முன் உப்பு ஜாடி, பொடி டப்பா, எண்ணெய்த் தூக்கு, புளிப்பானை எல்லாவற்றையும் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் போக்கில் சமைக்கட்டும், குறுக்கே பேச வேண்டாம். இறக்கிவைத்ததும் அதே ஜாடி, அதே டப்பாவை மறுபடி நிறுத்துப் பாருங்கள். குறைந்திருப்பதுதான் அம்மாச்சியின் கைப்பதம். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் கை எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்பதும் தெரிந்துவிடும். ‘உப்பு 18 முதல் 22 கிராம்’ என்றே அச்சில் போடலாம், தப்பில்லை.

மிளகாய் வத்தலை எண்ணினால் போதாது, எந்த வத்தல் என்றும் எழுத வேண்டும். ராமநாதபுரம் முண்டு வத்தல் பத்துக்கும் நீட்டு வத்தல் பத்துக்கும் காரம் ஒன்றில்லை. புளி புதுசா பழசா என்பதும் முக்கியம். பழம்புளி போட்டால் குழம்பு கறுத்துவரும், புனேயில் அந்தப் பெண் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள். அப்புறம், எத்தனை பேருக்கு வைத்த குழம்பு, எந்தச் சட்டி. பன்னிரண்டு பேர் குழம்பை ஆறால் வகுத்தால் இரண்டு பேர் குழம்பு வராது. கொஞ்சமாக வைக்கும்போது தண்ணீர் சீக்கிரம் சுண்டிவிடும், உப்பும் புளிப்பும் தூக்கலாகிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் கல்யாணப் பெண்ணே இரண்டு பேருக்கு ஒரு முறை வைத்துப் பார்க்கட்டும். அந்த அளவையும் பக்கத்தில் போடுங்கள்.

நோட்டில் இருக்கும் வீசை ஒன்றும் புதிரில்லை. ஒரு வீசை நாற்பது பலம், பலம் ஏறக்குறைய 35 கிராம். ஆக வீசை 1 கிலோ 400 கிராம், அரை வீசை 700 கிராம். 1958-இல் மெட்ரிக் அளவு வரத் தொடங்கிய பிறகும் வீட்டுப் பேச்சில் வீசையும் பலமும் ரொம்ப நாள் ஓடின. படி, உழக்கு மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அதற்குப் புத்தகத்தில் கணக்குத் தேட வேண்டாம். அம்மாச்சி வீட்டு உழக்கில் தலைதட்டத் தண்ணீர் ஊற்றி, அதை மில்லி அளவு போட்ட பாத்திரத்தில் கொட்டிப் பாருங்கள். இரண்டு அளவையும் போடுங்கள், ‘அரை வீசை’ என்ற எழுத்தை அழித்துவிட வேண்டாம். முடிந்தால் நோட்டின் அந்தப் பக்கத்தை, மஞ்சள் கறையோடு, ஸ்கேன் செய்து வையுங்கள்.

அரை வீசை மல்லி என்றால் அது அநேகமாக மில்லில் கொடுத்து அரைக்கிற குழம்புப் பொடிக்கணக்கு. அப்படியென்றால் புத்தகத்தின் முதல் பக்கம் அதுதான். மல்லிக்கு வத்தல் எவ்வளவு, அரிசியும் பருப்பும் உண்டா, எதை வறுப்பது, எதை வெயிலில் காயவைத்தால் போதும் என்பது வரைக்கும் எழுதுங்கள். பாதிக் குழம்புகள் அந்தப் பொடியில்தான் நிற்கின்றன. அதைக் கடைசியில் ‘இதர பொடிகள்’ என்று தள்ளிவிடாதீர்கள்.

அம்மாவும் சித்தியும் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. ‘அம்மா வைப்பது’, ‘சித்தி வைப்பது’ என்று எதிரெதிர்ப் பக்கத்தில் போடுங்கள். பஞ்சாயத்து செய்து பொதுவான ஒன்றை எழுதினால் இரண்டு வீட்டிலும் அதை யாரும் சமைக்க மாட்டார்கள்.

அறுபதில் சாம்பார், ரசம், பொரியல் என்று எல்லா வீட்டிலும் இருப்பதை வெட்டினால் இருபது தேறும். போதும். மிச்சமிருக்கும் இடத்தில் காலத்தை எழுதுங்கள். பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றும்போது அயிரை வரும். உயிரோடு வாங்கிவந்து பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்து, கல் உப்புப் போட்டுச் சட்டியில் உரசிக் கழுவி... புனேயில் அவள் அயிரைக்கு எங்கே போவாள் என்று கேட்பீர்கள். கிடைக்காதுதான். ஆனாலும் எழுதுங்கள். லீவுக்கு எந்த மாதம் ஊருக்கு வர வேண்டும் என்றாவது தெரியும்.

அச்சு வேலை சுலபம். இருபது முப்பது பிரதிக்கு ஆஃப்செட் கட்டுப்படியாகாது, டிஜிட்டல் பிரிண்ட் போதும். அடுப்பு மேடையில் விரித்தால் மூடிக்கொள்ளாமல் கிடக்க வேண்டும், அதனால் கம்பிச் சுருள் பைண்டிங் கேளுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். யூனிகோடில் அடித்த தமிழைச் சில அச்சகத்துப் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளில் ஏற்றினால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடமாகச் சிதறும். எழுத்துருவோடு சேர்த்து பிடிஎஃப் ஆக்கியே கொடுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் பின்னால் ஒரு வெற்றுப் பக்கம் விடுங்கள், அவள் எழுதிக்கொள்ள.

தையில் கல்யாணம் என்றால் தீபாவளிக்குள் எழுத்து வேலை முடிய வேண்டும். அன்றைக்குத்தான் எல்லாரும் ஊரில் இருப்பீர்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் முழுவதையும் அம்மாச்சிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். திருத்தம் நிறையச் சொல்வார், பேனாவோடு உட்காருங்கள். மாமாவையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.